வெளிச்சத்தில் மட்டும் கேட்கும் காது

கருப்பண்ணனுக்குக் காது கேட்கிறதா, கேட்கவில்லையா? பள்ளிபாளையத்தில் இதை ஒரு கேள்வியாகவே யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தறி ஓட்டுகிறவர்களிடம் போய்க் காதைப் பற்றி விசாரித்தால் சிரிப்பார்கள். ஆனால் அவர் மனைவி தமிழ்ச்செல்விக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. காது கேட்கவில்லை என்றால் மனுஷன் பாவம். கேட்கிறது என்றால், இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளை ஒரு பொருட்டாகவே மதிக்காத ஆள். இரண்டில் எது என்று தெரியாமல் அவளால் அவரோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்க முடியவில்லை.

எதையும் நோண்டிப் பார்க்காமல் விடாத பிறவி அவள். பிறந்தது பரமத்தி வேலூரில், வெற்றிலைக் கொடிக்கால் வேலை செய்கிற குடும்பத்தில். சின்ன வயதில் பக்கத்துத் தோட்டத்து மோட்டாரின் மூடியைக் கழற்றி, உள்ளே எது சுற்றுகிறது என்று எட்டிப் பார்த்து, அம்மாவிடம் முதுகில் நன்றாக வாங்கியிருக்கிறாள். வாங்கிய அடி ஆறுவதற்குள் கேட்டாளாம், அது ஏன் ஒரே பக்கமாகவே சுற்றுகிறது என்று. இப்போது வயது நாற்பதைத் தாண்டி ஐம்பதை எட்டுகிறது. அந்தப் புத்தி மட்டும் மாறவில்லை.

கல்யாணமாகிப் பள்ளிபாளையம் வந்த புதிதில் கருப்பண்ணன் அவளைத் தறிப்பட்டறைக்குக் கூட்டிப்போனார். வரிசை வரிசையாகத் தறிகள். ஊடு நூலைக் கொண்டுபோகிற நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடிபட்டு ஓடுகிற சத்தத்தில் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. அவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் ஜனங்கள் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஏதோ கதை சொன்னாள். நாலைந்து தறி தள்ளி நின்ற இன்னொருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குரல்தான் இல்லை. எப்படி என்று புருவத்தை உயர்த்தி அவள் கேட்டதற்குக் கருப்பண்ணன் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார். உதட்டைப் பார்த்தால் போதும், பேச்சு புரிந்துவிடும். அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, தறியடியில் நின்றால் தானாக வந்துவிடும். கொஞ்ச நாளில் அவளுக்கும் வந்தது. அங்கே எல்லாருக்கும் வருகிற வித்தை என்பதால் அதை வித்தை என்றே யாரும் நினைப்பதில்லை.

எதிரெதிர் வரிசையில் நின்று, அறுந்த நூலை முடிந்துகொண்டே, புருஷனும் பெண்டாட்டியும் ஒரு முழுச் சண்டையை ஆரம்பித்து, நடத்தி, சமாதானமும் ஆகியிருக்கிறார்கள். பக்கத்தில் முதுகைக் காட்டி நின்ற முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. மத்தியானம் ஆனால் கருப்பண்ணன் அவள் பக்கம் பார்த்து உதட்டை அசைப்பார். சாப்பிட்டயா என்று ஒரே கேள்வி. வேறு கொஞ்சல் எதுவும் அந்த மனுஷனுக்குத் தெரியாது. அவளுக்கும் அது போதுமாகத்தான் இருந்தது.

முழங்கால் வலி வந்து அவள் தறியை விட்டு, வீட்டில் நாடாவுக்கான நூலைத் தாராகச் சுற்றும் மெஷினோடு உட்கார்ந்த பிறகுதான் எல்லாம் மாறியது. கருப்பண்ணன் வருவார், கை கால் கழுவுவார், சாப்பிடுவார், டி.வி. பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். அடுப்படியிலிருந்து அவள் பேசுவது சுவரோடு பேசுவது மாதிரிதான். முகத்துக்கு நேராகப் போய் நின்றால் மட்டும் ஒழுங்காகப் பதில் வரும். அது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. எதிரே வந்து நின்றால்தான் பதில் சொல்வாராமா, இவர் என்ன பெரிய ஜமீனா?

மகள் தனப்பிரியாவை மோகனூரில் கட்டிக்கொடுத்தார்கள். பந்தல் பிரித்த அன்று சாயங்காலம் வீடு வெறிச்சென்று கிடந்தது. கருப்பண்ணன் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து பந்தல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தமிழ்ச்செல்வி அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். இந்த மனுஷன் ஏன் இப்படி ஆகிப்போனார் என்று பல நாளாக மனசுக்குள் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் அவளால் கேட்க முடிந்தது.

"ஏனுங்க, இனி இந்த ஊட்டுல நாம ரெண்டு பேருதான். எம்மேல உங்களுக்கு ஏதாச்சும் மனக்குறை இருக்குதுங்களா?"

அவர் கயிற்றைச் சுருட்டி முடித்தார். எழுந்து ஆணியில் மாட்டினார். செருப்பைப் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அழுது தீர்த்திருந்தால் அதோடு போயிருக்கும். தமிழ்ச்செல்வி ஆராய்ச்சியில் இறங்கினாள். அவர் பின்னால் நின்று ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டாள், திடுக்கென்று திரும்பினார். ரோட்டில் லாரி ஹார்ன் அடித்தால் ஒதுங்குகிறார். அடுத்த தெருக் கோயிலில் மேளம் ஆரம்பித்தால் அவர்தான் முதலில் சொல்கிறார். பின்னாலிருந்து அவள் கூப்பிட்டால் மட்டும் அசைவதில்லை. தட்டு கேட்கிறது, லாரி கேட்கிறது, மேளம் கேட்கிறது, பெண்டாட்டி மட்டும் கேட்கவில்லை. ஒருநாள் எதிரே போய் நின்று, உங்களுக்குக் காது கேட்கிறதா இல்லையா என்று நேராகவே கேட்டாள். கேட்கிறதே, ஏன் என்றார் அவர்.

அந்தச் சமயத்தில்தான் தறித் தொழிலாளர்களுக்கென்று மண்டபத்தில் இலவசக் காது முகாம் போட்டார்கள். முடிவாகத் தெரிந்துகொள்ள அவள் அவரை இழுத்துப்போனாள். மேஜைக்கு எதிரே ஒரு தம்பி உட்கார்ந்திருந்தான். பெயர் என்ன, எத்தனை தறி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டான். பிறகு குரலைத் தாழ்த்தி மாம்பழம், வாசல், குருவி என்று சில வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னான். கருப்பண்ணன் அவன் முகத்தைப் பார்த்தபடி ஒன்று விடாமல் சொன்னார். ஐயாவுக்குத் தங்கமான காது என்று சர்டிபிகேட் கொடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

தமிழ்ச்செல்விக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. கேட்டுக்கொண்டேதான் இத்தனை நாள் கேட்காத மாதிரி இருந்திருக்கிறார். அன்றைக்கே நாலு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு வேலூர் பஸ் ஏறிவிட்டாள்.

வேலூரில் தம்பி தீனதயாளன் ஏன் வந்தாய் என்று விசாரிக்கவில்லை. அவன் மனைவி அனிதா தனியாக ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தாள். நல்ல பெண்தான், ஆனால் பேச்சு வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது என்பது தமிழ்ச்செல்வியின் அபிப்பிராயம். அண்ணி, எத்தனை தடவை கூப்பிடுகிறேன் என்று அனிதா முன்னால் வந்து நின்று சொன்னபோது, கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டால்தான் என்ன என்று தமிழ்ச்செல்வி பதில் சொன்னாள். அங்கே இருந்த குக்கரும் அவளுக்குப் பிடிக்கவில்லை. விசிலே அடிப்பதில்லை, ஒருநாள் பருப்பு அடிப்பிடித்துப் போயிற்று. இந்தக் காலத்துச் சாமான் எல்லாம் இப்படித்தான் என்று அதைத் திட்டிவிட்டு, தன் வேதனைக்குத் திரும்பிக்கொண்டாள்.

தறிக்கு லீவு விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை கருப்பண்ணன் வந்தார். அவளிடம் ஒன்றும் பேசாமல் முன்னறையில் உட்கார்ந்து, காற்றுக்கு ஒடிந்து விழுந்த வாழைகளைப் பற்றித் தீனதயாளனோடு பேச ஆரம்பித்தார். பொழுது மங்குகிற நேரம். தமிழ்ச்செல்வி சமையலறைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரிடமும் நன்றாகத்தான் பேசுகிறார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. தீனதயாளன் பேச்சை நிறுத்தவில்லை. இருட்டில் ஏதோ கேட்டான். பதில் இல்லை. மறுபடி கேட்டான். அப்போதும் இல்லை. அனிதா சார்ஜ் லைட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். வைத்ததும் கருப்பண்ணன், என்ன கேட்டீர்கள் என்று மைத்துனன் முகத்தைப் பார்த்துப் பேச்சைத் தொடர்ந்தார், நடுவில் ஒன்றும் நடக்காத மாதிரி.

தமிழ்ச்செல்விக்கு உச்சந்தலையில் ஏதோ சுருக்கென்றது. கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. வெளிச்சத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? நேராகப் போய் அந்த லைட்டை அணைத்தாள். பேச்சு நின்றது. போட்டாள், வந்தது. மறுபடி அணைத்தாள். அக்காவுக்குப் பித்துப் பிடித்துவிட்டதா என்று தீனதயாளன் இருட்டுக்குள்ளிருந்து சத்தம் போட்டான். லைட்டைப் போட்டுவிட்டு, சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு புருஷன் எதிரே நின்றாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். அவர் விழித்தார். முந்தானையை எடுத்துவிட்டு அதையே கேட்டாள். சாப்பிட்டுத்தான் வந்தேன் என்றார்.

படித்த பாடத்தைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கொரோனா சமயத்தில் எல்லாரும் முகத்தை மூடிக்கொண்டு திரிந்தபோது இந்த மனுஷன் வெளியில் யாரோடும் வாயே திறக்கவில்லை. முகாமில் அந்தத் தம்பி நேர் எதிரே உட்கார்ந்திருந்தான். குரலைத் தாழ்த்தினான், உதட்டை மூடவில்லை. ஆனால் தட்டு? லாரி? மேளம்? அதெல்லாம் எப்படிக் கேட்டது? பாதி விடையை வைத்துக்கொண்டு புருஷனை மன்னிக்கிற ஆள் அவள் இல்லை. தெரிந்தவர்கள் யாராவது இதை அளந்து சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தாள். வீட்டுக்கு வருகிறாயா என்று அவர் கேட்டதற்கு, முதலில் உங்கள் காதை முடிப்போம், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினாள்.

முதலில் போனது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு காது மெஷின் கடைக்கு. வாசலில் பெரிய காது படம் போட்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே டவுன் பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றன. விற்பனைக்கு இருந்தவர் கருப்பண்ணன் தலையில் ஒரு ஹெட்போனை மாட்டி, கொஞ்ச நேரம் ஏதோ பட்டனை அமுக்கிவிட்டு, கேட்டலாக்கைப் பிரித்தார். காதுக்குள் பார்க்கவில்லையா என்று தமிழ்ச்செல்வி கேட்டாள். அது தேவையில்லை என்றார். இவ்வளவு இரைச்சலில் சின்னச் சத்தம் அவருக்குக் கேட்டதா இல்லையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அதற்கெல்லாம் கம்ப்யூட்டர் இருக்கிறது என்றார். வாங்கிப்போய்ச் சரிப்பட்டு வராவிட்டால் யாரிடம் வருவது என்று கேட்டாள். ஆஃபர் இந்த வாரத்தோடு முடிகிறது என்றார். தறியில் ஏற்றிய பாவு நூலைப் பார்க்காமலே துணி எத்தனை கெஜம் வரும் என்று சொல்கிற ஆள் இவர் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. புருஷன் தலையிலிருந்து ஹெட்போனைத் தானே கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

அடுத்து நாமக்கல்லில் காது மூக்கு தொண்டை டாக்டர். அவர் விளக்குப் போட்டுப் பார்த்தார். ஓட்டையும் இல்லை, சீழும் இல்லை. நோய் இருந்தால் வைத்தியம் பார்ப்பது என் வேலை, எவ்வளவு கேட்கிறது, எது கேட்கவில்லை, அதற்கு என்ன செய்யலாம் என்று பார்க்க ஆடியாலஜிஸ்ட் என்று தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி, சௌந்தர்யா என்று ஒரு பெயர் எழுதிக் கொடுத்தார்.

சௌந்தர்யாவுக்குச் சொந்த ஊர் சேந்தமங்கலம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நாமக்கல்லில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை வைத்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் தமிழ்ச்செல்வி பார்த்தது சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைத்தான். பட்டமும் அதற்குக் கீழே ஒரு எண்ணும் இருந்தன. வண்டி நம்பர் மாதிரி இதென்ன என்று கேட்டுவிட்டாள். சௌந்தர்யாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் படிப்பைப் படித்து மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிந்தவர்களுக்குக் கொடுக்கிற எண், எங்கே போனாலும் இதைக் கேளுங்கள், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்றாள். கேள்வி கேட்டதற்குத் திட்டாமல் இன்னும் கேள் என்று சொன்ன ஆளைத் தமிழ்ச்செல்வி தன் ஆயுளில் அதிகம் பார்த்ததில்லை. அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

மெஷினைப் பற்றி சௌந்தர்யா பேச்சே எடுக்கவில்லை. கருப்பண்ணனை எதிரே உட்காரவைத்து அவர் வாழ்க்கையையே விசாரித்தாள். எந்த வயதிலிருந்து தறி, காதில் சில்வண்டு கத்துகிற மாதிரி சத்தம் உண்டா, தலை சுற்றுமா, சர்க்கரை இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த இடத்தில் பேச்சுப் புரிவதில்லை என்று சாவகாசமாகக் கேட்டாள். சில்வண்டு எல்லாருக்கும் கத்துவதுதானே என்று அவர் சொன்னபோது தமிழ்ச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவர் அதைச் சொன்னதில்லை. அவளும் இதை மட்டும் கேட்டதில்லை. பிறகு சௌந்தர்யா அவர் காதுக்குள் விளக்குப் போட்டுப் பார்த்தாள். சின்ன ரப்பர் முனையைக் காதில் வைத்துச் செவிப்பறை சரியாக அசைகிறதா என்று பார்த்தாள். கடைசியாக, உள்ளறையில் இருந்த சத்தம் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் அவரை உட்காரவைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துக் கதவைச் சாத்தினாள். எவ்வளவு மெலிசாகக் கேட்டாலும் அமுக்க வேண்டும்.

காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து மறுபடியும் அதே சோதனை. அது எதற்கு என்று தமிழ்ச்செல்வி கேட்டாள். சத்தம் காதுத் துளை வழியாகப் போகாமல் எலும்பு வழியாக நேரே உள்காதுக்குப் போகும், கோளாறு வாசலிலா உள்வீட்டிலா என்று அதில் தெரிந்துவிடும் என்றாள் சௌந்தர்யா. காதுக்கு உள்வீடு ஒன்று உண்டு என்பதே தமிழ்ச்செல்விக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதைப் படமாகக் காட்டச் சொல்லி, நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருந்ததை வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு வார்த்தைச் சோதனை. சௌந்தர்யா கருப்பண்ணனை வெளியே கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தாள். நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்றாள். நாலைந்து வார்த்தை சொன்னாள். முகாமில் போலவே டக்டக்கென்று பதில் வந்தது. சௌந்தர்யா அவர் கண்களையே கவனித்தாள். அவை அவள் உதட்டை விட்டு நகரவில்லை. மேஜையிலிருந்து ஒரு பூ வேலை வளையத்தை எடுத்தாள், மெல்லிய கறுப்புத் துணி இழுத்துக் கட்டியது. அதை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு அடுத்த வார்த்தையைச் சொன்னாள்.

கருப்பண்ணன் இடப்பக்கம் சாய்ந்து பார்த்தார். வலப்பக்கம் சாய்ந்து பார்த்தார். பிறகு கூச்சத்தோடு கையை உயர்த்தினார்.

"சாமி, அதைச் சித்த எறக்கிப் புடிங்க. மூஞ்சிய மறைச்சுட்டுப் பேசுனா யாருக்குத்தாங்க காது கேக்கும்?"

அவர் நிஜமாகவே கேட்டார். உலகத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் கேட்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இந்த ஆளையா ஜமீன் என்று திட்டினோம் என்று தமிழ்ச்செல்வி நினைத்தாள்.

சௌந்தர்யா வரைபடத்தைக் காட்டினாள். கோடு இடப்பக்கம் ஓரளவு சமமாக வந்து, போகப்போகப் படி இறங்கிக் கடைசியில் குழியில் விழுந்திருந்தது. கனமான சத்தங்கள் அவருக்குக் கேட்கும். அதனால்தான் மேளம், லாரி. தட்டு விழுவது பெருஞ்சத்தம், அதுவும் கேட்கும். பேச்சில் இருக்கிற மெல்லிய சத்தங்கள்தான் போய்விட்டன. யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது விளங்காது. விளங்காததைக் கண் பார்த்து நிரப்பிக்கொள்கிறது. தறிச் சத்தத்தில் போனது போனதுதான், எண்ணெய் விட்டால் திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றலாம், மெஷின் வைத்துப் பேச்சை மீட்கலாம் என்றாள்.

தமிழ்ச்செல்வி இன்னும் அந்தக் குழியையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சௌந்தர்யா எழுந்து போய்ப் பின்னால் அலமாரியில் எதையோ தேடினாள். திடீரென்று கருப்பண்ணன் மனைவியின் முழங்கையைத் தட்டினார்.

"புள்ள, உன்னயத்தான் கேக்கறாங்க. நீயும் தறி ஓட்டுனயான்னு."

தமிழ்ச்செல்வி திரும்பினாள். சௌந்தர்யா பக்கவாட்டில் அவளையே பார்த்தபடி நின்றாள். நிஜமாகவே கேட்டிருக்கிறாள், அதுவும் இரண்டாம் முறையாக. உதட்டைப் பார்க்க முடிந்த கருப்பண்ணனுக்கு விளங்கியது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவளுக்கு விளங்கவில்லை. தமிழ்ச்செல்வி, நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் காதுக்கு ஒன்றுமில்லை என்றாள். சொல்லும்போதே அனிதாவின் வாய்க்குள் நிற்கிற பேச்சும், விசில் அடிக்காத குக்கரும் ஞாபகத்துக்கு வந்தன. எழுந்து தானே போய்க் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் கோடும் இறங்கித்தான் இருந்தது. கருப்பண்ணன் அளவுக்கு இல்லை, குழி அவ்வளவு ஆழமில்லை. அவர் அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு யாரைப் பார்த்தும் சொல்லாமல் மெதுவாகப் பேசினார்.

"நானும் தறியில இருந்து வந்து வாசல்ல நின்னு கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்திருக்கறன். தார் மெஷின்ல இருந்து தலையத் தூக்க மாட்டா. எம்மேல வெறுப்புன்னு நெனச்சு, கூப்புடறதயே உட்டுட்டன்."

அவருக்கும் அப்படி ஒரு குறை இருந்திருக்கும் என்று தமிழ்ச்செல்விக்குத் தோன்றியதே இல்லை. தட்டைப் போட்டும் லைட்டை அணைத்தும் ஊரெல்லாம் ஆராய்ச்சி செய்தவள், சோதிக்காமல் விட்டது ஒரே ஒருத்தியின் காதைத்தான். வெட்கமாக இருந்தது. கூடவே சிரிப்பும் வந்தது, அடக்கிக்கொண்டாள்.

எனக்கும் ஒரு மெஷின் வைத்துவிடு சாமி என்றாள். வேண்டாம் என்றாள் சௌந்தர்யா. இப்போதைக்கு உங்களுக்கு அவசியமில்லை, வருஷா வருஷம் வந்து பார்த்துக்கொள்ளுங்கள், எதிரே பார்த்துப் பேசச் சொல்லுங்கள், அது போதும். தமிழ்ச்செல்விக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் மெஷின் வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் வாங்குகிற மெஷினை நம்பலாம் என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள்.

அடுத்தடுத்துப் போய்வர வேண்டியிருந்தது. கருப்பண்ணனின் இரண்டு காதுக்கும் மெஷினை முதலில் வைத்துப் பார்க்க மட்டும் கொடுத்தாள் சௌந்தர்யா. காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு, மெஷின் சத்தம் செவிப்பறை வரை சரியான அளவில் போய்ச் சேருகிறதா என்று அளந்தாள். தறியடியில் மெஷினைக் கழற்றிவிட்டுக் காதடைப்பான் போட வேண்டும், அதில் சமரசம் கிடையாது என்று கண்டித்தாள். முதல் சில வாரம் எல்லாமே எரிச்சலாக இருக்கும், அலமாரியில் தூக்கிப் போட்டுவிடாமல் என்னிடம் வந்து சண்டை போடுங்கள், மாற்றிக் கொடுக்கிறேன் என்றாள். அவர் வாய் திறக்கத் தயங்கிய இடத்திலெல்லாம் தமிழ்ச்செல்வி அவருக்காகச் சண்டை போட்டாள். ரோட்டுச் சத்தம் மண்டையைப் பிளக்கிறதாம், அதைக் குறை என்பாள். சௌந்தர்யா குறைப்பாள்.

அதற்குள் அவள் பள்ளிபாளையத்துக்கே வந்துவிட்டிருந்தாள். சமாதானம் ஆகி வரவில்லை. மெஷின் வைத்த ஆளைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். காதைப் பற்றிய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பந்தல் பிரித்த அன்றைக்குக் கேட்ட கேள்வி அப்படியேதான் கிடந்தது. அவருக்குக் கேட்கவில்லை என்பது சரி. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெருவில் தறி எதுவும் ஓடவில்லை. கருப்பண்ணன் காலையிலிருந்து அவளைப் போலவே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அது என்ன சத்தம்? அவர் செருப்பேதான். இது? பல்லி. அந்தச் சரசரப்பு? அவள் சேலை. குக்கர் விசில் அடித்தபோது எழுந்தே நின்றுவிட்டார். அவள் சிலவற்றுக்குக் காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, எனக்குக் கேட்கவில்லையே என்று கையை விரித்தாள். அப்போது அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை தெரிந்தது.

மத்தியானம் அவள் அடுப்பைப் பார்த்து நின்று அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரும்பி அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடலாம். அவளுக்குத் தைரியம் வரவில்லை. கையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, குரலையும் உயர்த்தாமல், அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏனுங்க. எம்மேல உங்களுக்கு ஏதாச்சும் மனக்குறை இருக்குதுங்களா?"

இந்தத் தடவை அவருக்குக் கேட்டிருக்கும் என்று தெரியும். அதனால்தான் பயமாக இருந்தது. அரிசித் தண்ணீர் வெள்ளை அடங்கித் தெளிந்துகொண்டு வந்தது.

"ஒண்ணு இருக்குது," என்றார் கருப்பண்ணன்.

அவள் அரிசியை மறுபடி அலசினாள்.

"இத்தன வருசமா என்ற பொறத்தால நின்னுக்கிட்டு என்னென்ன பேசுனயோ, எனக்கு ஒண்ணும் வந்து சேரல. அத்தனயும் மறுக்காச் சொல்லோணும்."

தமிழ்ச்செல்வி கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் சோறு வேகாது என்றாள். வெந்தால் வேகட்டும், வேகாவிட்டால் போகட்டும் என்றார் அவர். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவள் யோசித்தாள். அதற்குள் கருப்பண்ணன் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, சொல்லு என்றார்.